நள்ளிரவில் கதவைத் தட்டினால் திறக்க வேண்டுமா?

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நெல்லில் குலைநோய் பற்றியவை. அவற்றுக்கு அடுத்த இதழில் மொத்தமாகப் பதில் சொல்கிறேன். இந்தமுறை பக்கம் முழுவதையும் ஒரே ஒரு கடிதத்துக்கு ஒதுக்கியிருக்கிறேன். எண்ணூரிலிருந்து ஒரு வாசகி எழுதியது. பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். எந்தக் காவல் நிலையம் என்பதையும் நான் இங்கே சொல்லவில்லை.

"எங்கள் வீடு எண்ணூரில். மீஞ்சூர் பக்கம் அறுபது சென்ட் நிலம் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு எருமை. மகன் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறான். ஆறு வருடத்துக்கு முன்னால் தெருவில் நடந்த ஒரு அடிதடி வழக்கில் அவன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டான். ஆனாலும் திருவிழா, தேர்தல் என்று எது வந்தாலும் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, ஒரு மணிக்குப் போலீஸ்காரர்கள் வந்து கதவைத் தட்டுகிறார்கள். உள்ளே வந்து கட்டிலுக்கு அடியில்கூட டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். மருமகள் கைக்குழந்தையோடு எழுந்து நிற்கிறாள். பேப்பர் ஏதாவது இருக்கிறதா ஐயா என்று கேட்டேன். போலீசுக்குப் பேப்பர் எல்லாம் தேவையில்லை என்றார்கள். அது உண்மையா? கதவைத் திறக்காவிட்டால் குற்றமா?"

விவசாயப் பத்திரிகையில் இதற்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வரப்புத் தகராறு, வாய்க்கால் தகராறு, கோயில் திருவிழாத் தகராறு என்று ஏதாவது ஒன்றில் பெயர் சேர்ந்துபோன பிள்ளை இல்லாத கிராமம் எது? நான் வக்கீல் இல்லை. ஆனால் அடுத்தவர் இடத்துக்குள் வாரண்ட் இல்லாமல் நுழைகிற அதிகாரம் எனக்கும் உண்டு. உரக் கட்டுப்பாட்டு ஆணை 1985, பூச்சிமருந்துச் சட்டம் 1968 ஆகியவற்றின்படி ஆய்வாளராக நியமிக்கப்பட்ட வேளாண்மை அலுவலர் கடைக்குள்ளும் கிடங்குக்குள்ளும் போய்ச் சோதனை போடலாம், சரக்கை நிறுத்தி வைக்கலாம். இந்த அதிகாரத்தைக் கொடுத்த அதே விதி, சோதனை போடும்போது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் சோதனைப் பிரிவைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அதனால் அந்தப் பிரிவுகளை நாங்கள் படித்தே ஆகவேண்டும். போலீசுக்கும் அதே பிரிவுகள்தான்.

அம்மா, உங்களுக்குச் சொன்ன பதிலில் பாதிதான் உண்மை. வாரண்ட் இல்லாமல் போலீஸ் வீட்டுக்குள் வரச் சட்டம் சில நேரங்களில் இடம் கொடுக்கிறது. ஆனால் பேப்பரே தேவையில்லை என்பது தவறு. வாரண்ட் என்ற பேப்பர் இல்லாமல் வந்து சோதனை போடுகிறவருக்கு, அதைவிட அதிகமான பேப்பர் வேலையைச் சட்டம் வைத்திருக்கிறது.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் இருக்கிறது. பி.என்.எஸ்.எஸ். என்று சுருக்கிச் சொல்கிறார்கள். எண்கள் மாறினாலும் சோதனை பற்றிய விஷயம் பெரும்பாலும் பழையதுதான். ஸ்டேஷனில் பேசும்போது எண்ணோடு சொன்னால் கேட்கிறவர் நிமிர்ந்து உட்காருவார் என்பதால் எண்களையும் தருகிறேன்.

போலீஸ் வாரண்ட் இல்லாமல் வீட்டுக்குள் வரக்கூடிய முதல் சந்தர்ப்பம், ஆளைத் தேடி வருவது. கைது செய்யப்பட வேண்டிய ஒருவர் இந்த வீட்டுக்குள் இருக்கிறார் என்று நம்பக் காரணம் இருந்தால், 44-ஆம் பிரிவின்படி வீட்டில் இருப்பவர் வழிவிட வேண்டும். தாம் யார், எதற்காக வந்திருக்கிறோம் என்று சொல்லி, உள்ளே விடக் கேட்டும் விடாவிட்டால் கதவை உடைக்கவும் அதே பிரிவு இடம் கொடுக்கிறது. இதற்கு இரவு, பகல் என்ற வித்தியாசம் இல்லை. கொலை, கொள்ளை போல வாரண்ட் இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றத்தில் தேடப்படும் ஆளுக்கு இது பொருந்தும். கோர்ட் கைது வாரண்ட் போட்ட ஆளுக்கும் பொருந்தும். அதாவது இன்று, இப்போது, ஏதோ ஒரு வழக்கில் அவரைக் கைது செய்ய அதிகாரம் இருக்க வேண்டும். ஆறு வருடத்துக்கு முன்னால் விடுதலையான வழக்கை வைத்துக்கொண்டு யாரையும் கைது செய்ய முடியாது.

இரண்டாவது, பொருளைத் தேடி வருவது. வழக்கமான வழி, மாஜிஸ்திரேட்டிடம் 96-ஆம் பிரிவின் கீழ் சோதனை வாரண்ட் வாங்கி வருவது. அதற்குள் பொருள் கைமாறிவிடும் என்றால் 185-ஆம் பிரிவின்படி வாரண்ட் இல்லாமலும் வரலாம். ஆனால் அதற்கு ஒரு வழக்கு விசாரணையில் இருக்க வேண்டும். அந்த வழக்குக்குத் தேவையான பொருள் இந்த இடத்தில் இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருக்க வேண்டும். அந்தக் காரணத்தையும், என்ன பொருளைத் தேடுகிறோம் என்பதையும் சோதனைக்கு முன்பே வழக்கு நாட்குறிப்பில் எழுத வேண்டும். ஸ்டேஷன் பொறுப்பு அதிகாரியோ விசாரணை அதிகாரியோ முடிந்தவரை தாமே வர வேண்டும். வர முடியாவிட்டால், எந்த இடத்தில் என்ன தேட வேண்டும் என்று எழுதிக் கையில் கொடுத்துத்தான் கீழே உள்ளவரை அனுப்பலாம். எழுதியதன் நகல் 48 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும். வீட்டுக்காரர் மனுக் கொடுத்தால் அந்த நகலை மாஜிஸ்திரேட் இலவசமாகத் தர வேண்டும். சும்மா பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்தோம் என்பதற்கு இந்தப் பிரிவில் இடமே கிடையாது.

சாராயம், கஞ்சா விஷயங்களுக்குத் தனிச் சட்டங்கள் உண்டு. அவற்றில் அதிகாரம் கொஞ்சம் அதிகம். போதைப்பொருள் சட்டத்தின் 42-ஆம் பிரிவு, அதிகாரம் பெற்ற அலுவலர் சூரிய உதயத்துக்கும் அஸ்தமனத்துக்கும் நடுவே வாரண்ட் இல்லாமல் நுழையலாம் என்கிறது. இருட்டிய பிறகு என்றால், வாரண்ட் வாங்கப் போனால் பொருள் தப்பிவிடும் என்பதற்கான காரணத்தை எழுதிவைத்த பிறகே நுழையலாம். அங்கேயும் கான்ஸ்டபிள் நிலையில் இருப்பவருக்கு இந்த அதிகாரம் இல்லை.

ஆபத்து நேரத்தை இதோடு சேர்க்கக் கூடாது. 2023 டிசம்பர் 26 நள்ளிரவு நெருங்கும் நேரத்தில், எண்ணூர் பெரியகுப்பம் கோரமண்டல் உர ஆலைக்குக் கடலுக்கடியில் வரும் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத் திணறி ஜனங்கள் தெருவுக்கு ஓடிவந்தார்கள். அப்படிப்பட்ட ராத்திரியில் கதவைத் தட்டுகிறவரிடம் யாரும் பேப்பர் கேட்கப் போவதில்லை, கேட்கவும் கூடாது. உள்ளே ஒரு பெண் அலறுகிறாள், வீடு எரிகிறது என்றாலும் அப்படித்தான்.

இனி சோதனை நடக்கும் முறை. 103-ஆம் பிரிவை ஊரில் ஒவ்வொருவரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். சோதனையைத் தொடங்கும் முன்பே அதே பகுதியைச் சேர்ந்த, இரண்டு பக்கமும் சாயாத இரண்டு பேரையாவது சாட்சிக்குக் கூப்பிட வேண்டும். அங்கே யாரும் கிடைக்கவில்லை, வர மறுத்தார்கள் என்றால்தான் வெளி ஆள். சோதனை நடக்கும்போது வீட்டுக்காரரோ அவர் சார்பில் ஒருவரோ கூடவே நின்று பார்க்க அனுமதிக்க வேண்டும். எடுத்த ஒவ்வொரு பொருளையும், எந்த இடத்தில் எடுத்தது என்பதோடு சேர்த்துப் பட்டியல் எழுத வேண்டும். இதைத்தான் மகஜர் என்கிறோம். சாட்சிகள் கையெழுத்துப் போட்ட அந்தப் பட்டியலின் நகல் வீட்டுக்காரரின் கைக்கு வர வேண்டும். பெண்ணின் உடம்பைச் சோதிப்பதானால் ஒரு பெண்தான், அதுவும் மரியாதையாகச் செய்ய வேண்டும். புதுச் சட்டத்தில் சேர்ந்த நல்ல விஷயம் ஒன்று, 105-ஆம் பிரிவின்படி சோதனையையும் பறிமுதலையும் ஒலி, ஒளியோடு பதிவு செய்ய வேண்டும் என்பது. செல்போனே போதும். அந்தப் பதிவும் மாஜிஸ்திரேட்டுக்குப் போக வேண்டும்.

பட்டியல் விஷயத்தில் விவசாயக் குடும்பங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் வீட்டில் அரிவாள் இருக்கும், வெட்டுக்கத்தி இருக்கும், தேங்காய் உரிக்கும் கடப்பாரை இருக்கும், கடலோரக் குடும்பமானால் மீன் வெட்டும் கத்தி இருக்கும். கதிர் அறுக்கும் அரிவாள் மகஜரில் வெறும் 'அரிவாள் ஒன்று' என்று ஏறினால், ஒரு வருடம் கழித்துக் கோர்ட்டில் அது வேறு அரிவாளாகிவிடும். 'மரப்பிடி போட்ட கதிர் அரிவாள், மாட்டுக் கொட்டகையில் வைக்கோல் பக்கத்தில் செருகியிருந்தது' என்று எழுதச் சொல்லுங்கள். மாடு விற்ற பணம் வீட்டில் இருந்து அதை எடுத்தால் தொகையை எண்ணி எழுதச் சொல்லுங்கள். சந்தை ரசீது, நகை அடகுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். உரக்கடையில் நாங்கள் சரக்கை நிறுத்தும்போது மூட்டையின் பேட்ச் எண்ணை எழுதாமல் விட்டால், கடைக்காரரின் வக்கீல் அந்த ஒரே ஓட்டையை வைத்து வழக்கையே கவிழ்த்துவிடுவார். விவரம் இல்லாத பட்டியல் யாருக்காவது ஒருவருக்குத்தான் லாபம், அது பெரும்பாலும் ஏழைக்கு லாபமாக இருப்பதில்லை.

சட்டத்தில் 'இடம்' என்றால் ஓட்டு வீடும் மாடி வீடும் மட்டும் இல்லை. கட்டடம், கூடாரம், வண்டி, படகு எல்லாம் அதில் அடங்கும். வயல் காவல் கொட்டகைக்கும் மோட்டார் அறைக்கும் வாசலில் நிற்கும் லாரிக்கும் இதே முறைதான்.

ஒரு சங்கடமான செய்தியையும் மறைக்காமல் சொல்கிறேன். சோதனை முறைப்படி நடக்கவில்லை என்பதற்காக, எடுத்த பொருள் கோர்ட்டில் தானாகவே செல்லாததாகிவிடாது. உத்தரப் பிரதேசத்தில் ஒரு தபால்காரர் வீட்டைச் சோதித்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்திலேயே இதைச் சொல்லிவிட்டது. அந்த ஆதாரத்தை நீதிபதி கூடுதல் கவனத்தோடு பார்ப்பார், அவ்வளவுதான். அதனால்தான் சாட்சி, பட்டியல், நகல் என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

இப்போது உங்கள் மகன் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்தால் அவர் பெயர் சரித்திரப் பதிவேட்டில் ஏறியிருக்கும் என்று தோன்றுகிறது. திரும்பத் திரும்பக் குற்றம் செய்வார் என்று போலீஸ் நினைக்கும் ஆட்களைக் கண்காணிக்க ஸ்டேஷனில் வைத்திருக்கும் ஏடு அது. ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர் என்று வடசென்னை முழுக்க இந்த வார்த்தை தெரியாத வீடு குறைவு. அந்த ஏட்டில் பெயர் இருந்தாலே ராத்திரி வீட்டுக்குள் வரலாமா என்ற கேள்விக்கு உச்ச நீதிமன்றம் பதில் சொல்லி அறுபது வருடத்துக்கு மேல் ஆகிறது.

அந்த வழக்கைத் தொடுத்தவர் கரக் சிங், உத்தரப் பிரதேசத்துக்காரர். 1941-இல் ஒரு கொள்ளை வழக்கில் சேர்க்கப்பட்டு, ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். ஆனாலும் அவர் பெயரில் போலீஸ் சரித்திரப் பதிவேடு திறந்துவிட்டது. அதற்குப் பிறகு ஊர்க் காவல்காரரும் (நம் ஊர்த் தலையாரி மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்) போலீஸ்காரர்களும் ராத்திரியில் போய்க் கதவைத் தட்டுவது, கூப்பிட்டு எழுப்புவது, உள்ளே நுழைந்து பார்ப்பது என்று தொடர்ந்தது. வெளியூர் போனாலும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். அவர் நேராக உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். 1962 டிசம்பர் 18-இல் ஆறு நீதிபதிகள் தீர்ப்புச் சொன்னார்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து அங்கே போன ராஜகோபால அய்யங்கார். ராத்திரியில் வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று அந்த மாநிலப் போலீஸ் விதிகளில் இருந்த வரியை அவர்கள் செல்லாது என்று அடித்தார்கள். ஒரு மனிதன் தன் வீட்டில் நிம்மதியாகத் தூங்குவதைக் கெடுப்பது அவனுடைய சுதந்திரத்தில் கை வைப்பது, அதற்குச் சட்டம் வேண்டும், போலீஸ் இலாகா தானே எழுதிக்கொண்ட உத்தரவு போதாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் தூரத்தில் இருந்து கண்காணிப்பது, நடமாட்டத்தைக் குறித்துவைப்பது ஆகியவற்றை அந்தத் தீர்ப்பு அனுமதித்தது. அதுவும் தவறு, எல்லாவற்றையும் ரத்து செய்ய வேண்டும் என்று நீதிபதிகள் சுப்பா ராவும் ஷாவும் தனியாக எழுதினார்கள். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று அவர்கள் அன்றைக்குச் சொன்னதை, 2017 ஆகஸ்ட் 24-இல் புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். நடுவில் 1975-இல் மத்தியப் பிரதேசத்திலிருந்து ஒரு வழக்கு போனது. அங்கே சட்டத்தின் கீழ் முறையாக இயற்றிய விதி இருந்ததால் நீதிமன்றம் அதை ரத்து செய்யவில்லை. ஆனால் பொது அமைதிக்கு ஆபத்தானவர் என்பது தெளிவாகத் தெரிகிற ஆளுக்கு மட்டுமே அதைப் பயன்படுத்தலாம் என்று கடிவாளம் போட்டது. அண்மையில், 2025 ஜூனில், கண்காணிப்பு என்ற பெயரில் சரித்திரப் பதிவேட்டில் இருப்பவரின் வீட்டுக் கதவை நள்ளிரவில் தட்டவோ உள்ளே நுழையவோ போலீசுக்கு உரிமை இல்லை என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேரளத் தீர்ப்பு நம் மாநிலத்தைக் கட்டாயமாகக் கட்டுப்படுத்தாது. ஆனால் அது நிற்பது கரக் சிங், புட்டசாமி ஆகிய இரண்டு தீர்ப்புகளின் மேல். அவை எண்ணூருக்கும் உண்டு.

ஆகவே, தேர்தல் வருகிறது என்பதற்காக உங்கள் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் டார்ச் அடிக்கச் சட்டத்தில் ஆதாரம் இல்லை. நடப்பு வழக்கு ஒன்றில் ஆளையோ பொருளையோ தேடி வந்தால் மட்டுமே மேலே சொன்ன பிரிவுகள் பொருந்தும்.

இதையெல்லாம் பெரிதுபடுத்த வேண்டுமா, பார்த்துவிட்டுத்தானே போகிறார்கள் என்று உறவுக்காரர்கள் சொல்லக்கூடும். கதவுக்கும் கணக்கு எழுதுவதற்கும் மரியாதை இல்லாமல் போனால் அது எதுவரை போகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே வாச்சாத்தி இருக்கிறது. தர்மபுரி மாவட்டம் அரூர் வட்டத்தில், சித்தேரி மலை அடிவாரத்தில் இருக்கும் பழங்குடிக் கிராமம். 1992 ஜூன் 20-இல் சந்தன மரம் பதுக்கியிருக்கிறார்கள் என்று சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஆட்கள் அந்த ஊருக்குள் நுழைந்தார்கள். சந்தனக் கடத்தலை விசாரிப்பது நியாயமான வேலைதான். ஆனால் நடந்தது வேறு. வீடுகளை நொறுக்கினார்கள், சேர்த்து வைத்த தானியத்தைப் பாழாக்கினார்கள், ஆடுமாடுகளைக் கொன்றார்கள், 18 பெண்களைப் பாலியல் வன்கொடுமை செய்தார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அதில் வனத்துறை 155, காவல்துறை 108, வருவாய்த்துறை 6. நானும் ஓர் அரசு அலுவலன், அந்தக் கடைசி ஆறு பேரை என்னால் மறக்க முடிவதில்லை. தாசில்தார் அலுவலகத்திலும் வேளாண்மை அலுவலகத்திலும் உட்கார்ந்திருப்பவர்களும் அந்த மாதிரி ஒரு நாளில் ஜீப்பில் ஏறிவிட முடியும்.

தர்மபுரி செஷன்ஸ் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2011 செப்டம்பர் 29-இல். அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். மிச்சம் இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் நீதிபதி பி.வேல்முருகன் அந்த ஊருக்கே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, 2023 செப்டம்பர் 29-இல் தண்டனைகளை உறுதி செய்தார். பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலா பத்து லட்சம் ரூபாய் கொடுக்கவும், அதில் பாதியைக் குற்றவாளிகளிடமிருந்து வசூலிக்கவும் உத்தரவிட்டார். நடந்ததற்கும் இதற்கும் நடுவே 31 வருடம்.

சரி, நாளைக்கு ராத்திரி கதவு தட்டப்பட்டால் என்ன செய்வது?

முதலில் விளக்கைப் போடுங்கள். கதவைத் திறக்காமலே ஜன்னல் வழியாக, யார், எந்த ஸ்டேஷன், என்ன விஷயம் என்று கேளுங்கள். போலீஸ் என்று சொல்லி வந்து கொள்ளையடித்த கதைகள் நிறைய உண்டு. அதனால் 100 அல்லது 112-க்குப் போன் போட்டு, இந்த முகவரிக்கு ஆள் அனுப்பியிருக்கிறீர்களா என்று கேட்பதில் தப்பே இல்லை. அந்த அழைப்பு, இத்தனை மணிக்கு இங்கே இப்படி நடந்தது என்பதற்கு ஓர் அத்தாட்சியாகவும் இருக்கும்.

மகனைக் கைது செய்ய வந்திருக்கிறார்களா, சோதனை போட வந்திருக்கிறார்களா, சும்மா பார்க்க வந்திருக்கிறார்களா என்று மரியாதையாகக் கேளுங்கள். கைது என்றால் எந்த வழக்கு என்று கேளுங்கள். சோதனை என்றால் எழுத்து எங்கே, சாட்சிகள் எங்கே என்று கேளுங்கள். சும்மா பார்க்க என்றால், 'ஐயா, காலையில் வாருங்கள், அவனே ஸ்டேஷனுக்கு வந்து பேசுவான்' என்று சொல்லலாம். அப்படிச் சொல்வது குற்றம் இல்லை.

இங்கே நம் ஜனங்களிடம் ஒரு பழக்கம். வாசலுக்கு யார் வந்தாலும் 'வாங்க, உட்காருங்க' என்பது நாக்கிலேயே இருக்கிறது. வீட்டுக்காரர் கூப்பிட்டால் அது அனுமதி. அனுமதியோடு வந்தவர் எதற்கும் பேப்பர் காட்ட வேண்டியதில்லை. விசாரிக்க மட்டும் வந்திருந்தால் திண்ணையிலோ வாசலிலோ நாற்காலி போட்டு உட்காரச் சொல்லுங்கள், தண்ணீர் கொடுங்கள். மரியாதைக்கும் குறைவில்லை, வீட்டுக்குள் கூப்பிட்டதாகவும் ஆகாது.

கேட்ட பிறகும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தால் கையால் தடுக்காதீர்கள். கதவை மறித்துக்கொண்டு நிற்பது, சட்டையைப் பிடிப்பது எதுவும் வேண்டாம். முறையில்லாத சோதனையை வீட்டுக்காரர் எதிர்க்கலாம் என்று நான் சொன்ன தபால்காரர் வழக்கிலேயே இருக்கிறது. ஆனால் அது முறையானதா இல்லையா என்பது ராத்திரி ஒரு மணிக்கு நிலைப்படியில் முடிவாகிற விஷயம் இல்லை. ஆறு வருடத்துக்கு முந்தைய வழக்கோடு, அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாகப் புது வழக்கு ஒன்றும் சேர்ந்துவிடும். 'நான் சம்மதிக்கவில்லை' என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒருமுறை சொன்னால் போதும். பக்கத்து வீட்டாரைக் கூப்பிடுங்கள். சட்டையில் இருக்கும் பெயரையும் வண்டி எண்ணையும் பார்த்துக்கொள்ளுங்கள். அவர்கள் போனவுடன் தூங்கப் போகாமல் தேதி, நேரம், எத்தனை பேர், என்ன சொன்னார்கள், எதைத் தொட்டார்கள் என்று எழுதி வையுங்கள். தெருவில் யார் வாசலிலாவது கேமரா இருந்தால் காலையிலேயே போய் அந்தப் பதிவைக் கேட்டு வாங்குங்கள். பல கேமராக்களில் சில நாளிலேயே பழையதன் மேல் புதியது ஏறிவிடும்.

மருமகளையோ உங்களையோ ஸ்டேஷனுக்கு வந்து பதில் சொல்லச் சொன்னால் போக வேண்டிய கட்டாயம் இல்லை. சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் பெண்கள், 15 வயதுக்குக் கீழோ 60 வயதுக்கு மேலோ உள்ள ஆண்கள், மாற்றுத் திறனாளிகள், கடும் நோயாளிகள் ஆகியோரை அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும் என்கிறது 179-ஆம் பிரிவு.

புகாரை முதலில் காவல்துறை ஆணையருக்கு (கிராமமானால் மாவட்ட எஸ்.பி.க்கு) பதிவுத் தபாலில் அனுப்புங்கள், ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மகன் எந்த வழக்கில் விடுதலையானார் என்ற தீர்ப்பு நகலை அதோடு இணைத்து, சரித்திரப் பதிவேட்டில் பெயர் இருந்தால் நீக்கும்படி அதே மனுவில் கேளுங்கள். நடக்காவிட்டால் மாநில மனித உரிமை ஆணையத்துக்குப் போகலாம், சம்பவம் நடந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். உயர் நீதிமன்றமும் இருக்கிறது. வக்கீல் செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். சட்டப் பணிகள் ஆணைக்குழு மூலம் பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுப்பார்கள். மனுவை உங்கள் பெயரிலோ மருமகள் பெயரிலோ கொடுத்தால் இந்த வசதி கிடைக்கும். போன் 15100. திருவொற்றியூர், பொன்னேரி நீதிமன்ற வளாகங்களில் நேரிலும் விசாரிக்கலாம்.

மின்சார வாரியத்தாருக்கும் இதேபோல வரம்பு உண்டா என்று பல வாசகர்கள் முன்பு கேட்டிருக்கிறார்கள். உண்டு. மின்சாரச் சட்டம் 2003, 135-ஆம் பிரிவின்படி மின்திருட்டுச் சோதனைக்கு வந்தாலும், வீடுகளில் சூரிய அஸ்தமனத்துக்கும் உதயத்துக்கும் நடுவே, அந்த வீட்டில் வசிக்கும் வயது வந்த ஆண் ஒருவர் இல்லாமல் சோதனை போடக் கூடாது. எடுத்த பொருளுக்குப் பட்டியலும் தர வேண்டும்.

கடைசியாக, இந்த அம்மாவின் தெருக்காரர்களுக்கும் மற்ற ஊர்க்காரர்களுக்கும் ஒன்று. உரக்கடைச் சோதனைக்குப் போகும்போது சாட்சிக்கு இரண்டு பேர் வாருங்கள் என்று கூப்பிட்டால், அதுவரை டீ குடித்துக்கொண்டிருந்த கூட்டம் காணாமல் போய்விடும். போலீஸ் சோதனையிலும் அப்படித்தான். உள்ளூர் ஆள் ஒதுங்கினால் ஸ்டேஷனுக்குப் பழக்கப்பட்ட வெளி ஆள் வந்து கையெழுத்துப் போடுவார். எழுத்து மூலம் கூப்பிட்டும் தகுந்த காரணம் இல்லாமல் மறுப்பது குற்றம் என்று 103-ஆம் பிரிவே சொல்கிறது. பக்கத்து வீட்டில் சோதனை என்றால் போய் நில்லுங்கள். முதலிலிருந்து கடைசிவரை கூடவே இருந்து பாருங்கள். எழுதியதை வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பட்டியலின் கடைசி வரிக்கும் உங்கள் கையெழுத்துக்கும் நடுவே இடம் விடாமல் போடுங்கள். வெற்றுத் தாளை நீட்டினால் போடாதீர்கள்.